பள்ளி மூடியிருக்கும் நாட்களில் கடலோரத் தொடக்கப் பள்ளியை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று வளைந்து, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வழியாக நரிப்பையூர் வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரையில், இரண்டு அல்லது மூன்று ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்தும் தொடக்கப் பள்ளிகள் பல உள்ளன. அத்தகைய பள்ளியின் தலைமையாசிரியருக்காகவும் அவருடன் பணிபுரியும் ஆசிரியர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கணினி ஆய்வகமும் தொழில்நுட்ப உதவியாளரும் இருக்கும் பள்ளிகளுக்கு வேறு வழிகள் உண்டு. அவற்றை இங்கே பேசவில்லை.

2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. 2020ஆம் கல்வியாண்டில் முதல் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட குழந்தை, வகுப்பறைக்குள் முதன்முறையாக வந்து அமர்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதால் இந்தப் பேச்சும் முடிந்துவிட்டதாகக் கடலோர ஆசிரியர்கள் எண்ண முடியாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பின் தெருவில் தேங்கிய நீர் வடியும் வரை குழந்தைகளைப் பள்ளிக்கு அழைப்பது எளிதன்று. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. அதோடு சில ஊர்களில் பதநீர்க் காலத்தில் குடும்பத்தோடு பனங்காட்டுக்குச் சென்று தங்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஆகவே பள்ளிக்கு வர முடியாத நாட்களுக்கான ஏற்பாடு நம் பள்ளிகளின் நிரந்தரத் தேவை.

அந்த ஏற்பாட்டை ஆசிரியர் எப்படிப் பேசுவது, எந்தச் செயலியில் பேசுவது என்பதிலிருந்து தொடங்குவதே வழக்கமாக இருக்கிறது. தொடக்கப் பள்ளியைப் பொறுத்தவரை அதைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆறு வயதுக் குழந்தை எவ்வளவு நேரம் ஆசிரியரைக் கேட்டது என்பதைக் காட்டிலும், அந்தக் குழந்தை வாய்விட்டு வாசித்ததை ஆசிரியர் அந்த வாரத்தில் எத்தனை முறை கேட்டார் என்பதே முக்கியம். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் குழந்தையின் குரல் ஆசிரியரிடம் வந்து சேர்வதற்காகவே அமைக்கப்பட்டவை.

முதல் படி: யார் கையில் எந்தக் கைபேசி, எந்த நேரத்தில்

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒவ்வொரு வீட்டையும் பற்றிய கணக்கெடுப்பை முடித்துவிட வேண்டும். மாணவர் விவரப் பதிவில் ஒரு கைபேசி எண் ஏற்கெனவே இருக்கும். ஆனால் அந்த எண்ணுக்கு அனுப்பும் பாடம் குழந்தையை எட்டும் என்பதற்கு அது உறுதி தராது. பெரும்பாலும் அது தந்தையின் எண். தந்தை படகில் இருக்கும்போது கைபேசியும் படகில் இருக்கும். ராமேஸ்வரம் பகுதியில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லும் நாட்களும் நாட்டுப்படகுகள் செல்லும் நாட்களும் வேறுவேறாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரே வகுப்பில் ஒரு குழந்தையின் வீட்டில் கைபேசி இருக்கும் நாளன்று பக்கத்து இருக்கைக் குழந்தையின் வீட்டில் இருக்காது. கடற்பாசி எடுக்கப் போகும் தாயும், கருவாடு காயப்போடும் களத்தில் நிற்கும் தாயும் காலையில் குழந்தையின் அருகில் இருக்க மாட்டார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களிலோ தந்தை வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அவரோடு பேசுவதற்கென்றே நல்ல கைபேசி தாயிடம் நாள் முழுதும் இருக்கும். இந்த வேறுபாடுகளைத் தெரிந்துகொள்ளாமல் போடப்படும் கால அட்டவணை ஏட்டளவில் நின்றுவிடும்.

கேட்க வேண்டிய கேள்விகள் ஏழு. வீட்டில் உள்ள கைபேசிகள் எத்தனை, அவற்றில் இணைய வசதி உள்ளவை எவை. அவை எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும். அதே கைபேசியை நம்பியிருக்கும் அண்ணன், அக்கா எத்தனை பேர். வீட்டுக்குள் சிக்னல் வருகிறதா, மாடிக்கோ தெருவுக்கோ போக வேண்டுமா. மாதம் முழுவதும் இணையத்துக்குப் பணம் கட்டுகிறார்களா. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் யார். மின்சாரம் தடைபட்டால் கைபேசிக்கு எங்கே சார்ஜ் போடுவார்கள். கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் மழைக்காலத்தில் அதுவே முதல் கேள்வியாகிவிடும்.

கணக்கெடுப்பை எழுத்துப் படிவமாகப் பெற்றோரிடம் கொடுத்து அனுப்புவதைவிட நேரில் கேட்டு ஆசிரியரே நிரப்புவது நல்லது. படிவத்தில் "இணைய வசதி உண்டு" என்று குறிப்பவர்கள், நேரில் பேசும்போது அது பெரிய மகனின் கல்லூரிக் கைபேசி என்றும் அவன் வெள்ளிக்கிழமை இரவுதான் வீட்டுக்கு வருவான் என்றும் சொல்வார்கள். கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். கைபேசி இல்லை என்பதை மற்றப் பெற்றோர் முன்னிலையில் ஒரு தாய் சொல்ல நேரக் கூடாது.

கணக்கெடுத்த பின் குழந்தைகளை நான்கு வகையாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பகலிலேயே இணையக் கைபேசி கிடைப்பவர்கள், இரவில் மட்டும் கிடைப்பவர்கள், பட்டன் கைபேசி மட்டும் உள்ள வீட்டினர், எதுவும் இல்லாதவர்கள். கடைசி இரு வகையினரின் பெயர்களுக்கு எதிரே அதே தெருவில் உள்ள ஒரு துணை வீட்டின் பெயரை எழுத வேண்டும். துணை வீடு என்பது பாடத் தகவலை வாய்வழியாகச் சொல்லவும், வாரம் இரு முறை அந்தக் குழந்தை வாசிப்பதைத் தங்கள் கைபேசியில் பதிவுசெய்து அனுப்பவும் ஒப்புக்கொள்ளும் குடும்பம். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, அந்தக் குடும்பத்தினரின் முழுச் சம்மதத்தோடு செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டுப் பை

கைபேசியைப் பற்றி மேலும் பேசுவதற்கு முன் காகிதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். இக்கடற்கரையில் பள்ளி மூடப்படுவதற்குப் புயலும் மழையும் காரணமாக இருக்கும்போது மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் சேர்ந்தே முடங்கக்கூடும். அப்போது வேலை செய்வது குழந்தையின் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள்கள் மட்டுமே. ஆகவே காலாண்டு விடுமுறை முடிந்து இரண்டாம் பருவம் தொடங்கும் அக்டோபர் முதல் வாரத்திலேயே, வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வீட்டுப் பை கொடுத்துவிட வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை: பத்து நாட்களுக்குப் போதுமான பயிற்சித்தாள்கள், ஒரு கோடிட்ட நோட்டு, இரண்டு பென்சில், சிலேட்டும் சிலேட்டுக் குச்சியும், எழுத்து அட்டைகள், 0 முதல் 9 வரையிலான எண் அட்டைகள் இரண்டு தொகுதி, குழந்தையின் நிலைக்கு ஏற்ற ஒரு சிறு கதைத்தாள். எண்ணிப் பழக வேண்டிய பொருள்களை வாங்க வேண்டியதில்லை. சிப்பியும் சோழியும் புளியங்கொட்டையும் நம் ஊர்களில் எந்த வீட்டிலும் கிடைக்கும். அனைத்தையும் தடித்த பாலித்தீன் உறைக்குள் வைத்து வாய்ப்பகுதியை மடித்துக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். ஓலைக்கூரை வீடுகளில் மழை ஒழுகினால் நனையாமல் இருப்பதும், அவசரமாக வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் குழந்தை தூக்கிக்கொண்டு போக முடிவதும் இந்தப் பையின் அடிப்படைத் தகுதிகள்.

பயிற்சித்தாளை வகுப்பு வாரியாக அச்சிடாமல் நிலை வாரியாகத் தயாரிக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் வலுப்படுத்த 2022 ஜூனில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகள் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்குப் பழக்கமானவை. வீட்டில் உதவுவதற்கு ஆளில்லாத குழந்தைக்குத் தன் நிலையைவிடக் கடினமான தாளைக் கொடுத்தால் அது அந்தத் தாளை மட்டும் ஒதுக்காது, பையையே திறக்காமல் விட்டுவிடும். ஒவ்வொரு தாளிலும் குழந்தை யாருடைய உதவியும் இல்லாமல் செய்து முடிக்கக்கூடிய பகுதி பாதியாவது இருக்க வேண்டும். பனங்காட்டுக்குச் செல்லும் குழந்தைகளுக்கும் இதே பையைத்தான், திரும்பி வரும் காலத்தைக் கேட்டு, அதற்கேற்பத் தாள்களைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: இணையச் செலவைக் கணக்கிடுதல்

பாடத்தை எந்த வடிவில் அனுப்புவது என்பதை முடிவு செய்வது பெற்றோரின் பணப்பையாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல்பதிவு தோராயமாக 100 முதல் 150 கேபி அளவே எடுக்கும். ஒரு நிமிட வீடியோ பல எம்பி எடுக்கும். அரை மணி நேர நேரலை வகுப்புக்கு 200 எம்பிக்கும் மேல் செலவாகக்கூடும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி கிடைக்கும் திட்டத்தில் இருக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே கைபேசியில் படித்தால் நேரலை வகுப்புகள் எவ்வளவு விரைவில் அதைத் தீர்த்துவிடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அதன் முடிவில்தான் கல்வியாண்டு தொடங்குகிறது. விசைப்படகுத் தொழிலை நம்பிய வீடுகளில் அந்த மாதங்களில் வருமானம் குறைந்து, ரீசார்ஜ் தள்ளிப்போவது இயல்பு. ஜூனில் ஒரு பெற்றோர் குழுவில் பதில் தராமல் இருந்தால் அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாமல், முதலில் சாதாரண அழைப்பில் பேசிப் பாருங்கள்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் குரல்பதிவு, அடுத்து ஒரு படம், மிகத் தேவையென்றால் மட்டும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் வீடியோ. பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடு வழியாக, ஒன்றிய அரசின் இணையவழிக் கல்விச் சேவையான திக்‌ஷா தளத்தின் காணொளிகளைப் பார்க்க முடியும். ஆனால் அதைக் கட்டாயப் பாடமாக வைக்காமல், வசதியுள்ள வீடுகளுக்கான கூடுதல் உதவியாகவே வைக்க வேண்டும். வாட்ஸ்அப் அமைப்பில் படங்களும் வீடியோக்களும் தானாகவே பதிவிறங்குவதை நிறுத்திவைக்கும் முறையைப் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவர் கைபேசியிலும் செய்து காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை அது.

நான்காம் படி: குரல்பதிவு தயாரித்தல்

நல்ல குரல்பதிவு செய்வது பயிற்சியால் வருவது. அதற்கென நேரம் ஒதுக்குவது வீணன்று.

நீளம் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒரு பதிவில் ஒரு செயல் மட்டுமே இருக்க வேண்டும். காற்று நம் பகுதியில் பெரும் இடையூறு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்தவெளியிலோ வராந்தாவிலோ பதிவுசெய்தால் இரைச்சல்தான் கேட்கும். சன்னல்களைச் சாத்திய அறையில், துணிகள் தொங்கும் அலமாரிக்கு அருகில் நின்று, கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசினால் குரல் தெளிவாக வரும். பேசுவதற்கு முன் சொல்லப்போவதை எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் எழுதியதை அப்படியே படித்தால் குழந்தைகள் உடனே கண்டுகொள்வார்கள், கவனம் போய்விடும்.

மூன்றாம் வகுப்புக்கு வகுத்தலை அறிமுகம் செய்யும் பதிவு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

"மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம். இன்றைக்குக் கணக்கு. நோட்டும் பென்சிலும் எடுத்து வாங்க. வர்ற வரைக்கும் இதை நிறுத்தி வைங்க. எடுத்தாச்சா? இப்போ சிப்பியோ புளியங்கொட்டையோ இருபத்து நாலு எண்ணி எடுங்க. கடற்கரையில மீனைக் கூறு போடுறதைப் பார்த்திருப்பீங்க. அதே மாதிரி இந்த இருபத்து நாலையும் நாலு கூறு போடுங்க. எல்லாக் கூறும் சமமா இருக்கணும், ஒண்ணுல கூட ஒண்ணுல குறைய இருக்கக் கூடாது. ஒரு கூறுல எத்தனை வந்துச்சு? நோட்டுல எழுதுங்க. அடுத்து அதையே ஆறு கூறு போட்டுப் பாருங்க. என்ன மாறுச்சுன்னு எனக்குப் பேசி அனுப்புங்க."

இந்தப் பதிவில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வகுத்தல் என்ற சொல் இதில் வரவில்லை. அது அடுத்த நாள் பதிவுக்கு உரியது. குழந்தையை எழுந்து போய்ப் பொருள் எடுத்துவரச் சொல்லிக் கைபேசியிலிருந்து பிரிக்கிறது. ஏலக்கூடத்திலும் கடற்கரையிலும் குழந்தை தினமும் காணும் செயலைக் கணக்கின் முதல் அடியாக வைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை பேசி அனுப்ப வேண்டிய ஒரு கேள்வியோடு முடிகிறது. அப்படி முடியாத பதிவை அனுப்பவே வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு இதை முக்கியமாகக் கருதுகிறேன்.

தமிழ்ப் பாடத்துக்கும் இதே வழி பொருந்தும். வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டு ஐந்து மீன்களின் பெயரை எழுதிவரச் சொன்னால் சூடை, காரல், நகரை, பாறை, சீலா என்று பட்டியல் வரும். அதில் ரகரமும் றகரமும் லகரமும் எங்கே வருகின்றன என்று வட்டமிடச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அந்தப் பாடத்தில் பங்கெடுத்துவிடுவார். பெற்றோரின் கல்வித் தகுதி தடையாகாத வேலைகளை இப்படித் தேடித் தேடி அமைப்பதுதான் தொலைவிலிருந்து கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் முதன்மையான தொழில் திறன்.

நாளொன்றுக்கு ஒரு வகுப்புக்கு ஒரு தமிழ்ப் பதிவு, ஒரு கணக்குப் பதிவு போதும். அவற்றை மாலை 6 மணிக்குள் அனுப்பிவிட்டால், இரவில் மட்டும் கைபேசி கிடைக்கும் வீடுகளும் கேட்க முடியும். அதிகாலையிலேயே கடலுக்குக் கிளம்பும் குடும்பங்கள் இரவில் சீக்கிரம் உறங்கிவிடும் என்பதால் 8 மணிக்கு மேல் எந்தச் செய்தியும் அனுப்பாதீர்கள்.

ஐந்தாம் படி: குழந்தை வாசிப்பதைக் கேட்டல்

ஒவ்வொரு குழந்தையும் வாரத்தில் இரண்டு முறை, ஒரு நிமிட அளவில், தன் நிலைக்குரிய பகுதியை வாய்விட்டு வாசித்து அனுப்ப வேண்டும். முப்பது குழந்தைகள் இருந்தால் ஒரு சுற்றுக்கு முப்பது நிமிடம் கேட்கவும், பதில் பேச மேலும் அரை மணியும் ஆகும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது நேரலை வகுப்பு நடத்தச் செலவாகும் நேரத்தைவிடக் குறைவே.

கேட்கும்போது ஒரு நோட்டில் குழந்தையின் பெயருக்கு நேரே, எழுத்தைக் கூட்டி வாசிக்கிறதா, சொல்லாக வாசிக்கிறதா, வாக்கியமாக ஓட்டத்தோடு வாசிக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். தடுமாறிய ஒரு சொல்லையும் எழுதிவையுங்கள். மனப்பாடமாகச் சொல்லும் குழந்தையைக் கண்டுபிடிக்க, அடுத்த முறை அதே பத்தியின் நடுவிலிருந்து வாசிக்கச் சொல்லலாம். பின்னணியில் அக்கா சொல்லிக்கொடுக்கும் குரல் கேட்டால் அதைக் கண்டிக்க வேண்டாம். சொல்லிக்கொடுக்க ஒருவர் இருக்கிறார் என்பது நமக்குக் கிடைத்த நல்ல தகவல். அந்த அக்காவுக்கே ஒரு குறிப்பு அனுப்புங்கள்.

பதில் குரலிலேயே இருக்க வேண்டும், இருபது வினாடி போதும். முதலில் பெயர் சொல்லி அழைத்து, சரியாக வாசித்த ஒன்றைக் குறிப்பிட்டுப் பாராட்டி, திருத்த வேண்டிய ஒன்றே ஒன்றை வாசித்துக் காட்டுங்கள். கட்டைவிரல் படத்தை அனுப்புவது பதிலாகாது. தன் பெயரை ஆசிரியர் வாயால் கேட்பதற்காகவே மறுபடி வாசித்து அனுப்பும் குழந்தைகள் உண்டு. குறிப்பாக, வகுப்பில் வாய் திறக்காத சில குழந்தைகள் தனியாகப் பதிவுசெய்யும்போது தயக்கமின்றி வாசிப்பதைக் கேட்கும் மகிழ்ச்சி இந்த முறையில் உண்டு. குழந்தையின் பதிவைப் பொதுக் குழுவில் போடச் சொல்லக் கூடாது. திருத்தம் எப்போதும் தனியே அந்த வீட்டுக்கு மட்டுமே போக வேண்டும்.

பட்டன் கைபேசி உள்ள வீடுகளுக்கு ஆசிரியரே அழைக்க வேண்டும். சாதாரண அழைப்பிலேயே நான்கு, ஐந்து வீடுகளை ஒன்றாக இணைக்கலாம், அழைக்கப்படுபவர்களுக்குச் செலவில்லை. ஒரு குழந்தை ஒரு வரி, அடுத்த குழந்தை அடுத்த வரி என்று பாடநூலைத் திறந்து வாசிக்கவைத்தால் பதினைந்து நிமிடத்தில் ஒரு சிறு வகுப்பே நடந்துவிடும். இணையம் இல்லாத குழந்தைகளுக்கு இதனால் ஆசிரியரோடு நேரடிப் பேச்சு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது.

ஆறாம் படி: நேரலை வகுப்பு தேவைப்படும் இடம்

ஒன்றிய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட, இணையவழி வகுப்புகளுக்கான பிரக்யதா வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றது. அதை உச்ச வரம்பாகவே கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு நேரலையே வேண்டியதில்லை என்பது என் கருத்து. நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் பின்னம், பரப்பளவு, நீள் வகுத்தல் போல ஆசிரியர் எழுதுவதைப் பார்த்தபடியே கற்க வேண்டிய பகுதிகளுக்கு மட்டும், ஆறு பேருக்கு மிகாத குழுவாக, 25 நிமிடம் நடத்தலாம். முகத்தைக் காட்டுவதைவிடக் கையைக் காட்டுவது பயன் தரும்: இரண்டு அடுக்காகப் புத்தகங்களை வைத்து, மேலே ஒரு மர அளவுகோலைக் குறுக்கே போட்டு, அதில் கைபேசியைக் குப்புற நிறுத்தினால் கீழே இருக்கும் தாளில் எழுதுவது அனைவருக்கும் தெரியும். வகுப்பில் சேர முடியாத குழந்தைக்கு அந்தத் தாளின் படத்தையும் ஒரு குரல்பதிவையும் அன்றே அனுப்பிவிட வேண்டும்.

ஏழாம் படி: ஊரில் ஏற்கெனவே இருப்பவற்றைப் பயன்படுத்துதல்

2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி வீட்டில் தொலைக்காட்சி உள்ள குழந்தைகளுக்கு உதவும். ஆனால் பார்த்ததைப் பற்றி ஆசிரியர் ஒரு கேள்வியாவது கேட்டால்தான் அது பாடமாகும். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பணியாற்றிய தன்னார்வலர்கள் ஊரில் இருந்தால் அவர்களே துணை வீட்டுப் பொறுப்புக்கு மிகப் பொருத்தமானவர்கள். குழந்தைகளை மாலையில் உட்காரவைத்துப் பழகியவர்கள் அவர்கள். பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை 90.4 போன்ற சமுதாய வானொலி எட்டும் ஊர்களில், கதை சொல்லவோ பாடல் பாடவோ வாராந்தர நேரம் கிடைக்குமா என்று நிலையத்தாரை அணுகலாம். வானொலிக்கு இணையம் வேண்டாம். பட்டன் கைபேசி பலவற்றில் பண்பலை கேட்கும் வசதி உண்டு.

பெருந்தொற்றுக் காலத்தில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் முட்டையும் பள்ளியில் வழங்கப்பட்டன. நீண்ட மூடலில் அப்படிப் பொருள் வழங்கும் நாள் வந்தால் அதையே நோட்டு மாற்றும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். செய்து முடித்த தாள்கள் உள்ளே வரட்டும், திருத்திய தாள்களும் புதிய தாள்களும் வெளியே போகட்டும். பெற்றோர் இரண்டு முறை அலைய வேண்டியிராது.

எட்டாம் படி: பாதுகாப்பு விதிகள்

தொடர்பு எப்போதும் பெற்றோரின் எண்ணோடு மட்டுமே இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எல்லா உறுப்பினர்களின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதைத் தாய்மார்களுக்கு முன்கூட்டியே சொல்லி, விரும்பாதவர்களுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். பலருக்கு ஒரே நேரத்தில் தனித்தனியாகச் செல்லும் பட்டியல் முறையும் உண்டு; ஆனால் பள்ளியின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். குழுவில் ஆசிரியர்கள் மட்டுமே பதிவிடும்படி அமைத்துவிட்டால் பாடங்களுக்கிடையே பிற செய்திகள் வந்து குவியாது. குழந்தைகளின் முகப் படங்களைக் கேட்கவோ பகிரவோ கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்விக்கான உதவி எண் 14417 இரண்டையும் வீட்டுப் பையின் மேல் ஒட்டி அனுப்புங்கள்.

ஒன்பதாம் படி: புயல் அறிவிப்பு வந்தால்

பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய செய்தி வந்ததும் பாடம் பற்றிய எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். அன்று பள்ளியிலிருந்து போக வேண்டிய ஒரே செய்தி, கைபேசிக்குச் சார்ஜ் போடுவதும் வீட்டுப் பையையும் குடும்ப அட்டையையும் ஒன்றாக வைப்பதும் பற்றியது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்தபோது பள்ளிகள் ஏற்கெனவே மூடியிருந்த காலம். இணையத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு எவ்வளவு மெல்லியது என்பதை அத்தகைய நாட்கள் காட்டின. பள்ளிக் கட்டடமே நிவாரண முகாமாக மாறலாம் என்பதால் பதிவேடுகளையும் புத்தகங்களையும் உயரமான அலமாரிக்கு மாற்றுவது முந்தைய நாளின் வேலை.

புயல் கடந்த பின் முதலில் செய்ய வேண்டியது எல்லா வீடுகளையும் அழைத்து நலம் கேட்பது. குழந்தையிடமும் பேசுங்கள். பாடம் மூன்றாம் நாளிலிருந்து, பையில் உள்ள தாளைக் கொண்டு தொடங்கினால் போதும். படகு சேதமான வீட்டில் அதற்கும் கூடுதலான காலம் கொடுக்க வேண்டும்.

பத்தாம் படி: பள்ளி திறந்த பின்

திரும்பி வரும் குழந்தைகளை, மூடியிருந்த நாட்களில் அனுப்பிய பாடங்களைப் படித்து முடித்தவர்களாகக் கருதி அடுத்த பாடத்துக்குப் போவது பெரும் அநீதி. முதல் வாரம் ஒவ்வொரு குழந்தையையும் தனியே அருகில் அழைத்து ஒரு பத்தி வாசிக்கவைத்து, நான்கு கணக்குகள் போடவைத்து, வாசிப்பு நோட்டில் உள்ள குறிப்போடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியும் குழந்தைக்கு வீட்டில் வேறு யாரோ செய்து கொடுத்திருக்கலாம்; அந்தக் குழந்தைக்குத்தான் கவனம் உடனடியாகத் தேவை. தேவைப்பட்டால் வகுப்பு எல்லையைக் கடந்து நிலை வாரியாகக் குழந்தைகளை இரண்டு வாரங்களுக்கு உட்காரவைத்துக் கற்பியுங்கள். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பார்வைக்கு வரும்போது விளக்கம் கேட்கப்படாது.

வாசிப்பு நோட்டையும் கைபேசிக் கணக்கெடுப்பையும் ஆண்டு இறுதியில் அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். முன்கட்டண எண்கள் அடிக்கடி மாறும் என்பதால் ஜூனில் ஒரு முறையும், மழைக்கு முன் வீட்டுப் பை கொடுக்கும் அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு முறையும் ஒவ்வோர் எண்ணையும் அழைத்து, எடுப்பவர் யார் என்று கேட்டு, பட்டியலில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.